மந்திரம் செய்யாத மந்திரவாதி: கல்கியும் திருவாலங்காட்டுச் செப்பேடும்

பேய்க்குப் பேர்போன ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலைக்குத் தலையால் நடந்து சென்று, கடைசியில் வந்து அமர்ந்த இடம் இந்த ஆலங்காடுதான். காளி நடனப் போட்டியில் தோற்ற இரத்தின சபையும் இங்கேதான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பழையனூர். கொலையுண்ட மனைவி மறுபிறவியில் நீலிப் பேயாகி, கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் சுமந்து வந்து வணிகன் மீது வழக்குத் தொடுத்தாள். 'அவன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு' என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர், அவன் இறந்ததும் தீக்குளித்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதைக்குச் சுட்டு உண்டு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் பேய்க்கதை தமிழில் வேறு எத்தனை இருக்கும்?

இப்படிப்பட்ட ஊர்க் கோயிலிலிருந்து 1905-ல் ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளிச்சத்துக்கு வந்தது. அதன் நாலைந்து செய்யுள்கள், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, தமிழர்கள் மிக அதிகம் படித்த கற்பனை நாவலுக்கு அடிமனையாயின. 'பொன்னியின் செல்வன்' நாவலில் மாளிகைக்கு அடியில் சுரங்க வழி இருக்கிறது, நிலவறைப் பொக்கிஷம் இருக்கிறது, விஷக் கத்தி, ஊமை ராணி, உருவ ஒற்றுமையால் வரும் குழப்பம், வால் நட்சத்திரம், மந்திரவாதி எல்லாமே இருக்கின்றன. பேய் மட்டும் கிடையாது. பேயை விட்டுவிட்டு மாயத்தை மட்டும் எப்படி வைத்துக்கொண்டார் கல்கி என்பதே இங்கே நமக்குக் கேள்வி. அதற்குச் செப்பேட்டிலிருந்து தொடங்குவதுதான் நேர்வழி.

வளையத்தில் கோத்து அரச முத்திரையிட்ட 31 ஏடுகள். முதல் 10 ஏடுகள் வடமொழிச் செய்யுள். மீதி 21 தமிழ். கொடை நடந்தது முதலாம் இராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டு, அதாவது 1017-18 வாக்கில். பிரமதேயமாக இருந்த பழையனூரை வெள்ளான் வகைக்கு மாற்றி ஆலங்காட்டு மகாதேவருக்கு விட்டுக்கொடுத்த ஆணை இது. நீலியின் ஊர்தான் கொடைப்பொருள்! தமிழ்ப் பகுதி முழுக்க நிலத்தின் பேச்சு: எல்லை எங்கே தொடங்கி எந்த ஏரிக்கரையில் திரும்புகிறது, எந்த வரி யாருக்கு, அதிகாரிகளில் யார் யார் ஓலையில் கையெழுத்திட்டார்கள். ஒரு கர்ணம் உட்கார்ந்து படித்தால் அவருக்கு எதுவும் அந்நியமாக இராது.

வடமொழிப் பகுதியின் போக்கே வேறு. சங்கரன் என்பவரின் மகன் நாராயணன் இயற்றிய அரசகுலப் புகழ்ச்சி அது. சூரியனிலிருந்து ஆரம்பிக்கிறது, மனு, இட்சுவாகு, மாந்தாதா, முசுகுந்தன், சிபி என்று இறங்குகிறது. மரணத்தை வென்ற அரசன் ஒருவன், காவிரியைப் பூமிக்குக் கொண்டுவந்தவன் ஒருவன், முற்பிறவியில் சிலந்தியாக இருந்த கோச்செங்கணான் எல்லாரும் வரிசையில் வந்து போகிறார்கள். விசயாலயனுக்கு வந்து சேரும்போதுதான் காலடியில் தரை தட்டுப்படுகிறது. அதன் பிறகும் கவி பறக்காமல் இல்லை. இராமன் குரங்குகளைக் கொண்டு அணை கட்டித்தான் கடலைக் கடந்தான், இராஜராஜனோ கப்பலிலேயே கடந்து இலங்கையைக் கொளுத்தினான், ஆகவே இராமனைவிட இவன் மேல் என்று ஒரு கணக்குப் போடுகிறார். இன்னொரு விநோதமும் உண்டு. கொடை ஆறாம் ஆண்டில் நடந்தது. புகழ்ச்சியிலோ அதற்குப் பிந்திய கங்கைப் படையெடுப்பும் கடார வெற்றியும் வருகின்றன. அதனால் வடமொழிப் பகுதி பிற்பாடு எழுதிச் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. கல்வெட்டாய்வாளர் எச். கிருஷ்ண சாஸ்திரி 1920-ல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த இந்தச் சாசனம், பாதி நிலப்பத்திரம், பாதி மாயக்கதை. மிகைபுனைவு எழுதியவர் யார் என்று என்னைக் கேட்டால் கல்கியைவிட நாராயண கவியைத்தான் முதலில் சொல்வேன்.

நாவலுக்கு அடிமனையான செய்யுள்கள் இந்தப் புகழ்ச்சியின் நடுவே இருக்கின்றன. அவற்றின் கருத்து இது. சுந்தர சோழர் இறந்தார். தேவி வானவன் மாதேவி அவரோடு போய்விட்டாள். மூத்த மகன் ஆதித்தன், இளம் வயதிலேயே வீரபாண்டியனோடு பொருது அவன் தலையைக் கொய்து தன் நகரில் கம்பத்தில் ஏற்றினான். பிறகு அந்த ஆதித்தன் சொர்க்கத்தைக் காணும் ஆசையில் மறைந்துபோனான். குடிமக்கள் இளைய மகன் அருள்மொழியிடம் (பின்னாளின் இராஜராஜன்) போய், கலியின் இருள் நீங்க நீ ஆளவேண்டும் என்று கெஞ்சினார்கள். சிற்றப்பனுக்கு அரசில் ஆசை இருக்கும் வரையில் தான் அதை மனத்தாலும் தொடேன் என்று அருள்மொழி ஒதுங்கிக்கொண்டான். அடுத்த செய்யுளில் அந்தச் சிற்றப்பன் மதுராந்தகன், அருள்மொழியின் உடற்குறிகளைப் பார்த்து இவன் திருமாலே என்று தெளிந்து, அவனை இளவரசனாக்கிவிட்டுத் தான் பூபாரத்தைச் சுமந்தான்.

சொர்க்கம் காணும் ஆசை என்ற இடத்தில் நின்று பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையுண்டவன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதைப் பச்சையாகவே சொல்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் என்ன ஆயின என்று பதிவு செய்கிறது. தன் பெரியப்பன் எப்படிச் செத்தான் என்பது இராஜேந்திரனுக்குத் தெரியாதா? அவையிலிருந்த கவிக்குத் தெரியாதா? தெரிந்தும் செப்பேடு அந்த இடத்தில் சொர்க்கத்தைத் திரையாகப் போட்டுவிட்டது. அற்புதம் வேண்டாத இடத்தில் அற்புதம் வந்தால் அங்கே ஏதோ மறைக்கப்படுகிறது என்று பொருள். நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்?

அந்த அழைப்பை ஏற்றவர் ஒரு கர்ணத்தின் மகன். மாயவரம் பக்கம் மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ல் பிறந்தார் 'கல்கி' என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. தகப்பனார் ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கு எழுதியவர். திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் இறுதித் தேர்வுக்குக் கொஞ்சம் முன்பு, ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கி 1921-ல் படிப்பை விட்டார். மறு வருடம் ஓராண்டுச் சிறை. 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர். 1927-ல் 'சாரதையின் தந்திரம்' என்ற முதல் கதைத் தொகுதி. அங்கிருந்து திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். ராஜாஜியோடு சேர்ந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை. 1930-ல் மறுபடி சிறை. 1930-களின் தொடக்கத்தில் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' ஆசிரியப் பொறுப்பு. அங்கேதான் 'கள்வனின் காதலி'யும் 'தியாகபூமி'யும் வந்தன. 'தியாகபூமி' 1939-ல் தொடராக வரும்போதே கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகவும் வந்து, பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்டது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டதை ஒட்டி விகடனை விட்டு வெளியேறி, டி. சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பணம் அந்த இதழுக்கு முதலாயிற்று.

இந்தப் பட்டியலை ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு. கல்கியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள்: சிறை, பத்திரிகை, சங்கீத விமரிசனம், எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம். அவர் கற்பனை வேலை செய்த விதத்துக்கு இவற்றில் இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று, அவர் காந்தியின் ஆள். கிராமத்தில் போய் நின்று மக்களோடு பேசி, கள்ளை விடச் சொல்லி எழுதப் பழகியவர். பேய் பிசாசு என்று பயமுறுத்துவது அவருக்கு ஒவ்வாது. மற்றொன்று, அவர் வாரப் பத்திரிகைக்காரர். ஒவ்வொரு வாரமும் ஆறேழு பக்கத்துக்குள் வாசகரைத் திகைக்க வைத்து, 'தொடரும்' போட்டு அனுப்ப வேண்டியவர். பேயில்லாமல் திகில் வேண்டும், மந்திரமில்லாமல் மாயம் வேண்டும். இந்த இக்கட்டிலிருந்துதான் கல்கியின் முறை பிறந்தது.

தமிழில் மாயக்கதைக்குப் பஞ்சமில்லை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் சந்தைதோறும் விற்றன. 1947-ல் சென்னையிலிருந்தே 'அம்புலிமாமா' வரத் தொடங்கியது. சரித்திர நாவலும் புதிதில்லை; தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895-லேயே வந்துவிட்டது. கல்கி செய்தது இரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கியதுதான். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டிலும் கை பழகிவிட்டு, 1950 அக்டோபர் 29-ல் 'பொன்னியின் செல்வன்' தொடரைத் தொடங்கினார். 1954 மே 16 வரை, மூன்றரை வருடம், ஐந்து பாகம், 293 அத்தியாயம், மணியத்தின் சித்திரங்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' 1930-களில் வெளிவந்திருந்தது. தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' முதல் பகுதி, தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடம் 1949-ல் வந்தது. கல்கி கையில் எடுத்த சரித்திரச் சிக்கலில் இந்த இரு அறிஞர்களும் எதிரெதிர்க் கட்சி.

சாஸ்திரியின் வாதம் எளியது. கொலைக்குப் பிறகு அரசுக்கு வந்தவர் மதுராந்தகனான உத்தம சோழர். பதினைந்து வருடம் போல ஆண்டார். துரோகிகள் பற்றிய பதிவோ இராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் கல்லில் ஏறுகிறது. சிற்றப்பனுக்கு அரசில் ஆசை இருந்ததென்று திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உத்தம சோழர் கை சுத்தமில்லை. பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. சிவபக்தி மிகுந்த செம்பியன் மாதேவியின் மகன்மீது இந்தப் பழியைப் போட அவர் ஒப்பவில்லை. பின்னாளில் இந்தப் பக்கம் நின்றவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: கல்வெட்டு பேசுவது நில விற்பனையைப் பற்றி, தண்டனை அதற்கு முன்பே நடந்திருக்கலாமே.

இப்போது செப்பேட்டின் அந்த இரு செய்யுள்களை மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். முதல் செய்யுளில் மதுராந்தகன் பிறர் அரசில் ஆசை வைத்தவன். அடுத்ததில் அவனே அண்ணன் மகனிடம் திருமாலைக் கண்டு, அவனுக்கு முடியுரிமையை எழுதிக்கொடுக்கும் பக்தன். ஒரே ஆள், இரண்டு முகம். சாஸ்திரி முதல் முகத்தை நம்பினார், பண்டாரத்தார் இரண்டாவதை. கல்கி இரண்டையுமே நம்பினார். நம்பிய பிறகு ஒரு நாவலாசிரியனுக்கு மட்டுமே முடிகிற காரியத்தைச் செய்தார்: ஒரு மதுராந்தகனை இரண்டு பேராக்கினார். அரண்மனையில் வளர்ந்து, சிற்றரசர் பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் ஏறி ஊர் ஊராகப் போய் ஆதரவு தேடும் ஆசைக்காரன் ஒருவன்; அவன் செம்பியன் மாதேவியின் மகனே இல்லை. பூந்தோட்டத்தில் மாலை கட்டிச் சிவபூசை செய்யும் சேந்தன் அமுதன் மற்றவன். அவனே உண்மையான மதுராந்தகன், அவனே உத்தம சோழனாகிறான். தொட்டிலில் பிள்ளை மாறிய கதை சினிமாவிலும் கூத்திலும் நாம் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் இங்கே அது வெறும் கதைத் தந்திரமில்லை. சாசனத்தின் முரண்பாட்டுக்குக் கொடுத்த விடை.

சரி, போலி மதுராந்தகன் என்ன ஆனான்? அவனைப் பாண்டிய குலத்தோடு சேர்த்து, அமரபுஜங்கன் என்ற பெயரில் பின்னாளில் சோழருக்கு எதிரியாக்குகிறார் கல்கி. இந்தப் பெயரும் அதே செப்பேட்டில் இருக்கிறது. இராஜராஜன் தென்திசைப் போரில் வென்றுபிடித்த பாண்டியன் அமரபுஜங்கன் என்று நாராயண கவி சொல்கிறார். கிழித்த துணியின் இரண்டு துண்டுக்கும் அதே தறியிலிருந்து கரை கண்டுபிடித்துவிட்டார் மனிதர். இந்த இடத்தை முதலில் கவனித்தபோது எனக்குக் கல்கி மீதிருந்த மதிப்பு ஒரு படி ஏறியது. அரட்டைக்காரர், ஜனரஞ்சகர் என்று அவரைத் தள்ளுகிறவர்கள், சாசனத்தை இத்தனை நெருக்கமாகப் படித்த இன்னொரு தமிழ் நாவலாசிரியரைக் காட்டட்டும்.

இனி மந்திரவாதி விஷயம். உடையார்குடிக் கல்வெட்டின் ரவிதாசனைக் கல்கி மந்திரவாதி ரவிதாசனாக்குகிறார். ஆந்தைபோல அலறிக்கொண்டு இருட்டில் வருவான். பழுவேட்டரையரின் மனைவி நந்தினியைப் பார்க்க அரண்மனைக்குள் மந்திரவாதி என்ற பேரில்தான் நுழைவான். நாவல் முழுக்கத் தேடினாலும் அவன் ஒரு மந்திரமும் செய்யவில்லை. ஆந்தை அலறல், கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் அடையாளம். மந்திரவாதி என்பது, பழுவூர்க் காவலைத் தாண்டுவதற்கான வேஷம். கடம்பூர் மாளிகையில் வேலனாட்டம் ஆடி, ஆவேசம் வந்து, ராஜகுலத்து ரத்தம் பலி கேட்கும் தேவராளன் யார் என்று பார்த்தால், அவன் கல்வெட்டின் பரமேசுவரன்; சதிக்கூட்டத்து ஆள். சாமி வந்து பேசியதாக நாம் மிரண்டது அரசியல் மிரட்டல். கோடிக்கரைச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் எழுந்து எழுந்து அணைகின்றன. படகோட்டிப் பெண் பூங்குழலி அவற்றைத் தன் காதலர்கள் என்கிறாள். கதாநாயகன் வந்தியத்தேவனோடு நாமும் நடுங்கி முடித்த பிறகு, அந்த நெருப்புக்கு இயற்கையில் உள்ள காரணத்தைக் கல்கி நிதானமாக விளக்குகிறார்.

நாவலின் பெயருக்கே அடிப்படையான அற்புதமும் இப்படித்தான். சிறுவன் அருள்மொழி படகிலிருந்து காவிரியில் விழுகிறான். ஒரு பெண்ணுருவம் அவனை நீரிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு மறைகிறது. காவிரித் தாயே வந்து காப்பாற்றினாள் என்று குடும்பமும் நாடும் நம்புகின்றன. அதனால் அவன் பொன்னியின் செல்வன். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பிறகு, ஈழத்துக் காட்டில், அந்தத் தாய் யாரென்று தெரியவருகிறது. அவள் தெய்வமில்லை. பேசவும் கேட்கவும் முடியாத, சுந்தர சோழரால் கைவிடப்பட்ட, மந்தாகினி என்ற பெண். தெய்வத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மனுஷியை வைத்தார். அதனால் அற்புதம் சிறுத்துப் போகாமல் பெருத்துவிட்டது. தெய்வம் காப்பாற்றினால் நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். இவள் காப்பாற்றினால், இவளுக்குச் சோழகுலம் செய்தது என்ன என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது.

செப்பேட்டுக் கவி உடற்குறியில் திருமாலைக் கண்டார். கல்கியும் அருள்மொழியின் கையில் சங்குசக்கர ரேகை இருப்பதாக எழுதுகிறார். ஆனால் அதைச் சொல்வது கதைமாந்தர். ஊர் அதைப் பேசிப் பேசிப் பெரிதாக்குகிறது. கிரீடத்தை விட்டுக்கொடுப்பதற்குக் கல்கி காட்டும் காரணத்தில் ரேகைக்கு வேலையில்லை. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பேர் வைத்தவருக்கு, சிறையிலும் ஆசிரமத்திலும் பதவி மறுத்தவர்களோடு வாழ்ந்த அனுபவம் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய இளவரசனுக்கு 1950-ன் காந்தியத் தொண்டன் மனசை மாட்டிவிட்டார் என்று குறை சொல்பவர் உண்டு. குறையில் நியாயம் இருக்கிறது. அருள்மொழி சில இடங்களில் மனிதனாகத் தெரியாத அளவுக்கு நல்லவன். நாராயண கவி அவனைத் திருமாலாக்கினார், கல்கி உத்தமனாக்கினார். சலிப்பு இரண்டிலும் உண்டு. அந்தச் சலிப்பை ஈடுகட்டத்தான் வந்தியத்தேவன்.

ஓரிடத்தில் மட்டும் கல்கி நழுவுகிறார். வானத்தில் தூமகேது தோன்றுகிறது, அரசகுலத்துக்கு ஆபத்து என்று நாடே பேசுகிறது, ஆதித்த கரிகாலன் சாகும் இரவோடு அதுவும் மறைகிறது. இதற்கு அவர் விளக்கம் தந்து கதவைச் சாத்தவில்லை. குடந்தை சோதிடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்த எழுத்தாளர் இங்கே வானத்துக்குப் பணிந்துவிட்டார். கொலையாளி யார் என்பதையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை; வாசகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். சொர்க்கம் காணும் ஆசை என்று செப்பேடு போட்ட திரையைக் கல்கி பாதி விலக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டார் என்பதே என் கணிப்பு.

'பொன்னியின் செல்வன்' முடிந்த இரண்டரை மாதத்துக்குள், 1954 ஜூலை இறுதியில், இங்கிலாந்தில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வெளியானது. பழைய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர் அவர். ஒரு உலகத்தையே கற்பனை செய்து, அதற்கு வரைபடமும் வம்சாவளியும் மொழிகளும் தாமே உண்டாக்கினார். தம் நாட்டுக்கு இல்லாத புராணத்தைச் செய்துதர வேண்டியிருந்தது அவருக்கு. கல்கிக்கு அந்த வேலை கிடையாது. புராணம் ஏற்கெனவே ஊர்க் கோயில்களில் செம்பிலும் கல்லிலும் குவிந்து கிடந்தது. அதிலிருந்து மனிதர்களைப் பிரித்தெடுப்பதே அவர் வேலை. தமிழின் பெரிய கற்பனை நாவல் மிகைபுனைவாக அமையாமல் சரித்திரப் புனைவாக அமைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நவீன இலக்கியக்காரர்கள் கல்கியை மன்னிக்கவில்லை. அவர் கதைகள் ஆங்கிலத் தழுவல்கள் என்று புதுமைப்பித்தன் போட்ட சண்டை பிரசித்தம். வேடிக்கை என்னவென்றால், அதே புதுமைப்பித்தன்தான் 'காஞ்சனை' எழுதி, பேய் உண்டா இல்லையா என்று தெரியாமல் வாசகரைத் திண்ணையில் உட்கார்த்திவிட்டுப் போனார். கலகக்காரர் பேயைக் கூப்பிட்டார், ஜனரஞ்சகர் பேயை அனுப்பிவைத்தார். பேய்க்கும் தத்துவத்துக்கும் சேர்த்து இடம் கொடுத்த பெருநாவலுக்குத் தமிழ் 1997-ல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடரை முடித்த ஏழு மாதத்துக்குள், 1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். வயது 55. பாதியில் நின்ற 'அமரதாரா'வை மகள் ஆனந்தி முடித்தார். 'அலை ஓசை'க்கு 1956-ல் சாகித்திய அகாதெமி விருது மறைவுக்குப் பிந்திக் கிடைத்தது. நூற்றாண்டு வந்த 1999-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாகி, புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்காத கடை இல்லை. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தன.

கடைசி அத்தியாயங்கள் அச்சாகிக்கொண்டிருந்த மாதங்களில் திருவாலங்காடு எந்த மாநிலத்தில் இருந்தது தெரியுமா? 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தபோது, திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டக்காரர்களும் போராடி, எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணியோடு திருவாலங்காடும் தமிழகத்துக்குத் திரும்பியது. சோழர் கதையைத் தமிழ்நாடே வாரம் தவறாமல் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கதையின் முதல் ஏட்டைத் தந்த ஊர் மாநில எல்லைக்கு வெளியே கிடந்தது. கல்கி அது திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

செப்பேடு இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் புகைப்படத்தில் பார்த்து மெய்மறந்து எழுதிய திருவாலங்காட்டு நடராசரும் அங்கேதான். நாவலை முடித்த வாசகர்கள் கோடிக்கரைக்கும் உடையார்குடிக்கும் வீராணத்துக்கும் பயணம் போகிறார்கள், நல்லது. அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஏறினால் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கிவிடலாம், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன், 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியை ஏதாவது ஒரு நல்ல நூலகத்தில் கேட்டு வாங்கி, சுந்தர சோழர் மறைவிலிருந்து இராஜராஜன் இளவரசனாவது வரை உள்ள செய்யுள்களை மொழிபெயர்ப்போடு படித்துவிடுங்கள். அரைமணி நேரத்து வேலைதான். கல்கி எதை எடுத்துக்கொண்டார், எதைத் தொடாமல் விட்டார் என்று உங்களுக்கே தெரியும்.